கம்ப்யூட்டர் கேள்வி - பதில்: டிவிடி டிரைவைக் காணோம்!

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர்: தறிக்கூடத்துக் கணக்கு பார்க்க வைத்திருக்கும் டெஸ்க்டாப்பில் திடீரென்று டிவிடி ரைட்டர் தெரியவில்லை. 'திஸ் பிசி'யைத் திறந்தால் சி, டி இரண்டும்தான் இருக்கின்றன. ஆனால் பட்டனை அமுக்கினால் தட்டு வெளியே வருகிறது, விளக்கும் எரிகிறது. கடையில் கேட்டால் விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி போட வேண்டும் என்கிறார்கள். பல வருடக் கணக்கு அதில்தான் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: விண்டோஸை அழிக்கவே வேண்டாம். முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிடுங்கள்: டிரைவை மதர்போர்டே பார்க்கவில்லையா, மதர்போர்டு பார்த்தும் விண்டோஸ் பார்க்கவில்லையா? இதற்கு ஸ்குரூ டிரைவர்கூடத் தேவையில்லை. கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் 'டெல்' (டெலீட்) பட்டனை விட்டு விட்டு அமுக்கிக்கொண்டே இருந்தால் பயாஸ் திரை, அதாவது விண்டோஸ் ஏறும் முன் மதர்போர்டின் அமைப்பைக் காட்டும் திரை, வரும். அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் 'டெல்'தான். டெல் கம்பெனி கம்ப்யூட்டர் என்றால் எஃப்2, எச்பி என்றால் எஃப்10. அங்கே 'சாட்டா' (ஹார்டு டிஸ்க்கையும் டிவிடி டிரைவையும் மதர்போர்டோடு இணைக்கும் முறை) என்ற தலைப்பின் கீழ் போர்ட் 1, 2 என்று வரிசையாக இருக்கும். ஹார்டு டிஸ்க்கின் பெயர் ஒன்றில் இருக்கும். டிவிடி ரைட்டரின் பெயர் இன்னொன்றில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பெயர் இல்லையென்றால் விண்டோஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எத்தனை முறை அழித்துப் போட்டாலும் டிரைவ் வராது. தட்டு வெளியே வருவதை வைத்து டிரைவ் நன்றாக இருக்கிறது என்றும் முடிவுகட்டாதீர்கள். தட்டுக்கும் விளக்குக்கும் மின்சாரம் மட்டும் போதும். டேட்டா கேபிளை உருவிவிட்டு அமுக்கினாலும் தட்டு வரும். தட்டு வருவதால் உறுதியாவது ஒன்றுதான்: பவர் வருகிறது. எனவே சந்தேகம் முதலில் டேட்டா கேபிள் மேல்தான் விழ வேண்டும்.

பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிட்டுக் கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். டிரைவின் பின்னால் இரண்டு சொருகல் இருக்கும். அகலமானது பவர், 15 முனை. குறுகலானது டேட்டா, 7 முனை. டேட்டா கேபிளின் தலையில் பூட்டுக் கிளிப் இல்லாத ரகம் நிறைய இருக்கிறது. சிடி சுழலும் அதிர்விலேயே அது மெல்ல மெல்லப் பின்னால் நகர்ந்துவிடும். இரண்டு முனையையும் கழற்றி நேராக அழுத்திச் சொருகுங்கள். அதற்கும் வரவில்லையென்றால், ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் கேபிளையும் அதன் போர்ட்டையும் சோதனைக்காக டிவிடி ரைட்டருக்கு மாட்டிப் பயாஸைப் பாருங்கள். அது வேலை செய்யும் கேபிள், வேலை செய்யும் போர்ட் என்று ஏற்கெனவே தெரியும் அல்லவா? அதிலும் டிரைவின் பெயர் வரவில்லையென்றால் டிரைவ்தான் போய்விட்டது. வந்துவிட்டால் பழைய கேபிளோ பழைய போர்ட்டோ கெட்டிருக்கிறது; புதுக் கேபிள் வாங்கி மாட்டினால் எது என்று தெரிந்துவிடும்.

சமீபத்தில் யாராவது வேகத்துக்காக எம்.2 எஸ்எஸ்டி (மதர்போர்டிலேயே நேராகச் சொருகும், சுழலாத சின்ன டிஸ்க்) மாட்டிக் கொடுத்தார்களா? பல மதர்போர்டுகளில் எம்.2 துளையில் எஸ்எஸ்டி ஏறியதும் ஏதோ ஒரு சாட்டா போர்ட் தானாகவே அணைந்துவிடும், அந்தப் பாதையை இரண்டும் பங்கு போட்டுக்கொள்வதால். எது அணையும் என்பது மதர்போர்டின் கையேட்டில் இருக்கும். கையேடு கையில் இல்லையென்றால் டிவிடி ரைட்டர் கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றினாலே தெரிந்துவிடும்.

பவர் பக்கமும் ஒரு எச்சரிக்கை. எஸ்எம்பிஎஸ்ஸில் (கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) சாட்டா பவர் முனை போதாமல் பழைய 4 முனை சொருகலிலிருந்து மாற்றிக் கொடுக்கும் சின்ன வயரைக் கடைகளில் தருவார்கள். வயர்களைச் சேர்த்து ஒரே பிளாஸ்டிக் கட்டியாக வார்த்த ரகம் உள்ளுக்குள் ஷார்ட் ஆகி உருகியிருக்கிறது, தீயும் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு வயரும் தனித்தனியாகக் கவ்வியிருப்பது கண்ணுக்குத் தெரிகிற ரகமாகப் பார்த்து வாங்குங்கள். வயர்களில் சிவப்பு 5 வோல்ட், மஞ்சள் 12 வோல்ட், கருப்பு இரண்டும் கிரவுண்ட்.

திறந்த கையோடு தூசியையும் ஊதிவிடுங்கள். தறி ஓடும் இடத்தில் நூல் பஞ்சு எஸ்எம்பிஎஸ் விசிறியில் பாய் விரித்த மாதிரி படிந்திருக்கும். புளோயர் பிடிக்கும்போது விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்; காற்றில் தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் போய்விடும்.

இனி இன்னொரு பக்கம். பயாஸில் பெயர் இருக்கிறது, விண்டோஸில்தான் இல்லை என்றால் 'டிவைஸ் மேனேஜர்' திறந்து 'டிவிடி/சிடி-ராம் டிரைவ்ஸ்' வரியைப் பாருங்கள். மஞ்சள் முக்கோணம் இருந்தால் அதை இருமுறை கிளிக் செய்யுங்கள். 19, 31, 32, 39, 41 ஆகியவற்றில் ஏதாவது ஒரு எண் வந்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். சிடி எழுதும் மென்பொருள்கள் விண்டோஸுக்கும் டிரைவுக்கும் நடுவில் 'ஃபில்டர்' என்ற துணை டிரைவரை நுழைத்து வைக்கும். மென்பொருளை நீக்கும்போது ஃபைல் போய்விடும், அதன் பெயர் மட்டும் ரிஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் பதிவேடு) தங்கிவிடும். விண்டோஸ் அந்தப் பெயரைத் தேடும், ஃபைல் கிடைக்காது, உடனே மொத்த டிரைவையும் ஏற்ற மறுத்துவிடும்.

சரிசெய்ய, ரிஜிஸ்ட்ரியைத் திருத்தும் 'ரெஜ்எடிட்' திறந்து, 'லோக்கல் மெஷின்', 'சிஸ்டம்', 'கரன்ட் கன்ட்ரோல் செட்', 'கன்ட்ரோல்', 'கிளாஸ்' என்று வரிசையாக உள்ளே போங்கள். அங்கே 4டி36இ965 என்று தொடங்கும் ஃபோல்டர் வேண்டும். பக்கத்திலேயே 4டி36இ967 என்று தொடங்குகிற ஒன்று இருக்கும். அது ஹார்டு டிஸ்க்குடையது, அதில் கை வைத்தால் விண்டோஸே ஏறாமல் போகும். சரியான ஃபோல்டர்தானா என்று உறுதி செய்ய வலது பக்கம் 'கிளாஸ்' என்ற வரியைப் பாருங்கள். 'சிடிராம்' என்று இருக்க வேண்டும். முதலில் ஃபோல்டர் மேல் வலது கிளிக் செய்து 'எக்ஸ்போர்ட்' கொடுத்து ஒரு நகல் எடுத்து வையுங்கள். பிறகு வலது பக்கம் 'அப்பர் ஃபில்டர்ஸ்', 'லோயர் ஃபில்டர்ஸ்' என்ற இரண்டில் எது இருந்தாலும் நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட்டவுன் கொடுத்து ஆன் செய்தால் போதாது. விண்டோஸ் 8 முதல் ஷட்டவுன் என்பது பெரும்பாலும் பாதித் தூக்கம்தான். சிடி எழுதும் மென்பொருள் இன்னும் பயன்பாட்டில் இருந்தால் அதை மறுபடி நிறுவ வேண்டியிருக்கலாம்.

முக்கோணமும் இல்லை, டிரைவ் டிவைஸ் மேனேஜரில் நன்றாகவே இருக்கிறது, 'திஸ் பிசி'யில் மட்டும் இல்லை என்றால் எழுத்து கொடுக்கப்படவில்லை. 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறந்து கீழே 'சிடி-ராம் 0' என்ற பெட்டியில் வலது கிளிக் செய்து ஓர் எழுத்து கொடுங்கள். இ, எஃப் வேண்டாம், பென் டிரைவோடு மோதும். டபிள்யூ, எக்ஸ் மாதிரி ஒதுக்குப்புறமானதாகக் கொடுத்துவிடுங்கள்.

கணக்கு ஃபைல்களை இதற்கெல்லாம் முன்பே ஒரு பென் டிரைவில் நகல் எடுத்துவிடுங்கள். டிவிடி டிரைவ் கெட்டாலும் கெடாவிட்டாலும் அது செய்ய வேண்டிய வேலை.

ஆரணியிலிருந்து: லேப்டாப்பின் டிவிடி டிரைவ் தெரியவில்லை. பட்டனை அமுக்கினாலும் அசைவே இல்லை. புது டிரைவ் வாங்கினால் எல்லா லேப்டாப்புக்கும் பொருந்துமா?

பதில்: பொருந்தாது. லேப்டாப் டிரைவ் 12.7 மில்லிமீட்டர், 9.5 மில்லிமீட்டர் என்று இரண்டு தடிமனில் அதிகம் வருகிறது. பழையதைக் கழற்றி ஸ்கேலால் அளந்த பிறகு கடைக்குப் போங்கள். முன்பக்கப் பிளாஸ்டிக் மூடி மாடலுக்கு மாடல் மாறும். பழைய மூடியைக் கிளிப் விடுவித்துப் புது டிரைவுக்கு மாட்டிக்கொள்ளலாம்.

வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டுப் பவர் பட்டனை அரை நிமிடம் அமுக்கிப் பிடியுங்கள். பிறகு அடியில், டிரைவுக்கு நேராக இருக்கும் ஒற்றை ஸ்குரூவைக் கழற்றினால் பெரும்பாலான பழைய மாடல்களில் டிரைவ் பக்கவாட்டில் உருவிக்கொண்டு வரும். இதில் கேபிள் கிடையாது, நேராகச் சொருகுவதுதான்: டேட்டாவுக்கு 7 முனை, பவருக்கு 6 முனை, வருவது 5 வோல்ட் மட்டும். அரை மில்லிமீட்டர் பின்தங்கினாலும் தொடர்பு விட்டுப்போகும். அந்த ஸ்குரூ தொலைந்துபோன லேப்டாப்பில் இந்தக் கோளாறு சகஜம். அழுத்தித் தள்ளி ஸ்குரூவைப் போட்டுவிட்டுப் பயாஸில் பாருங்கள். சில லேப்டாப்களில் பேட்டரி மிச்சம் பிடிக்க டிரைவின் பவரையே நிறுத்தும் வசதி உண்டு. சார்ஜரைச் சொருகி வைத்துக்கொண்டே சோதியுங்கள்.

ஆற்காட்டிலிருந்து: ஸ்டுடியோவில் பழைய பென்டியம் 4 கம்ப்யூட்டர் இருக்கிறது. அதில் ஐடிஇ (சாட்டாவுக்கு முந்தைய பட்டைக் கேபிள் முறை) சிடி ரைட்டர் ஒன்றை மாட்டினேன். ரைட்டரும் வரவில்லை, இருந்த ஹார்டு டிஸ்க்கும் காணாமல் போய்விட்டது!

பதில்: பயப்படாதீர்கள், ஹார்டு டிஸ்க் பத்திரமாக இருக்கும். ஒரே பட்டைக் கேபிளில் இரண்டையும் 'மாஸ்டர்' ஆக வைத்திருக்கிறீர்கள். ஒரு கேபிளில் ஒரு மாஸ்டர் (முதல் டிரைவ்), ஒரு ஸ்லேவ்தான் (இரண்டாவது டிரைவ்) இருக்க முடியும். இரண்டு மாஸ்டர் சேர்ந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பதில் சொல்லப் போய் இரண்டுமே தெரியாமல் போகும்.

ரைட்டரின் பின்புறம் ஆடியோ சொருகலுக்கும் பட்டைக் கேபிளுக்கும் நடுவில் மூன்று ஜோடி முள் இருக்கும். மேலே எம்ஏ, எஸ்எல், சிஎஸ் என்று பொறித்திருக்கும். ஒரு ஜோடியை இணைத்து மாட்டியிருக்கும் சின்ன ஜம்பர் மூடியை எஸ்எல் (ஸ்லேவ்) ஜோடிக்கு மாற்றுங்கள். 80 கம்பிக் கேபிளில் நீல முனை மதர்போர்டுக்கு, கடைசிக் கருப்பு முனை ஹார்டு டிஸ்க்குக்கு, நடுவில் இருக்கும் சாம்பல் முனை ரைட்டருக்கு. கேபிளின் ஓரத்துச் சிவப்புக் கோடு பவர் சொருகலைப் பார்த்து இருக்க வேண்டும். முள் ஒன்று வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வளைந்திருந்தால் ஊசியால் மெதுவாக நிமிர்த்தலாம். இருபதாவது முள் இல்லாமல் காலியாக இருக்கும், அது உடைந்ததல்ல.

மதர்போர்டில் இரண்டாவது ஐடிஇ சொருகல் காலியாக இருந்தால் ரைட்டரைத் தனிக் கேபிளில் மாஸ்டராக மாட்டுவதே உத்தமம். பயாஸில் அந்த இடம் 'நன்' என்று இருந்தால் 'ஆட்டோ' ஆக்குங்கள். மாற்றியது மறுநாள் பழையபடி ஆகிவிட்டால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது.

காட்பாடியிலிருந்து ஒரு மாணவி: லேப்டாப்பில் டிரைவ் இல்லாததால் யுஎஸ்பி டிவிடி டிரைவ் வாங்கினேன். சிடி போட்டால் 'டக் டக்' என்கிறது, வந்து வந்து மறைகிறது.

பதில்: பவர் பற்றாக்குறை. யுஎஸ்பி 2.0 துளை 500 மில்லி ஆம்பியர் வரை கொடுக்கும், 3.0 துளை 900 வரை. சிடி சுழலத் தொடங்கும் நொடியில் டிரைவ் அதற்கு மேலும் கேட்கும். கிடைக்கவில்லையென்றால் அணைந்து எழும். அதைத்தான் வந்து மறைவதாகப் பார்க்கிறீர்கள். உள்ளே நீல நிறமுள்ள 3.0 துளையில் நேராகச் சொருகுங்கள். நடுவில் ஹப்போ நீட்டு வயரோ கூடாது. டிரைவோடு இரண்டு தலையுள்ள கேபிள் கொடுத்திருந்தால் இரண்டையும் சொருகுங்கள். இரண்டாவது தலை அழகுக்கு அல்ல.

சத்துவாச்சாரியிலிருந்து: அம்மாவுக்கு எடுத்த ஸ்கேனைச் சிடியில் கொடுத்தார்கள். வீட்டு டிரைவில் சினிமா டிவிடி ஓடுகிறது. இந்தச் சிடியைப் போட்டால் மட்டும் 'இன்சர்ட் எ டிஸ்க்' என்று வருகிறது. சிடி கெட்டுவிட்டதா?

பதில்: டிரைவாகவும் இருக்கலாம். டிவிடி படிக்க 650 நானோமீட்டர் சிவப்பு லேசர், சிடி படிக்க 780 நானோமீட்டர் லேசர். இரண்டும் தனித்தனி, ஒன்று களைத்துப்போய் இன்னொன்று ஓடுவது நடக்கும். நன்றாக இருக்கும் ஒரு பாட்டுச் சிடியைப் போட்டுப் பாருங்கள். அதுவும் வரவில்லையென்றால் டிரைவின் சிடி லேசர்தான். பாட்டு வருகிறது, ஸ்கேன் மட்டும் வரவில்லை என்றால் சிடியைக் கவனியுங்கள்.

மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்க்கோட்டில் துடையுங்கள், வட்டமாகத் துடைக்கக் கூடாது. சிடியில் தகவல் அடுக்கு எழுத்து இருக்கும் மேல்பக்கத்தை ஒட்டியே இருக்கிறது. பால்பாயின்ட் பேனாவால் பெயர் எழுதியிருந்தாலோ ஸ்டிக்கரைப் பிய்த்திருந்தாலோ அந்த இடம் போனது போனதுதான். லென்ஸைத் துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சி போதும், பூ தொடுகிற அழுத்தத்தில். கை சானிடைசர் வேண்டாம். அதில் உள்ள கிளிசரின் லென்ஸில் படலமாக நின்றுவிடும்.

சிடி திறந்ததும் படம் தெரியவில்லை, பெயர் புரியாத ஃபைல்கள்தான் இருக்கின்றன என்று பதறாதீர்கள். அவை 'டைகாம்' ஃபைல்கள், மருத்துவ ஸ்கேன் படங்களுக்கான வடிவம். சிடியிலேயே பார்க்கும் மென்பொருள் ஒன்று பெரும்பாலும் இருக்கும். பென் டிரைவுக்கு மாற்றும்போது மொத்தச் சிடியையும் அப்படியே காப்பி செய்யுங்கள். 'டைகாம்டிர்' என்ற ஃபைல்தான் மற்றவற்றின் அட்டவணை. அதை விட்டாலோ, மற்ற ஃபைல்களின் பெயரை மாற்றினாலோ டாக்டரின் கம்ப்யூட்டரில் வரிசை கலைந்துவிடும். எந்த வழியிலும் படிக்க முடியவில்லையென்றால் ஸ்கேன் எடுத்த இடத்தில் பதிவு எண்ணைச் சொல்லி மறு நகல் கேளுங்கள்.

போளூரிலிருந்து: தட்டு வெளியே வரவே மாட்டேன் என்கிறது. உள்ளே கல்யாண டிவிடி மாட்டிக்கொண்டது.

பதில்: கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, முன்பக்கத்தில் உள்ள ஊசித் துளையில் நிமிர்த்திய பேப்பர் கிளிப்பை நேராக விட்டு அழுத்துங்கள், தட்டு சிறிது வெளியே வரும், மீதியைக் கையால் இழுக்கலாம். டெஸ்க்டாப் டிரைவில் தட்டை நகர்த்துவது சின்ன ரப்பர் பெல்ட்தான். நம் ஊர்க் கோடையில் சில வருடம் கிடந்தால் தளர்ந்து வழுக்கும். பெல்ட் மட்டும் மாற்றினால் போதும், டிரைவை எறிய வேண்டாம்.

ஆம்பூரிலிருந்து: ரியாத்திலிருந்து மச்சான் வாங்கி வந்த சினிமா டிவிடி விண்டோஸ் 10இல் ஓடவில்லை. டிரைவ் தெரிகிறது, ஃபைல்களும் தெரிகின்றன.

பதில்: விண்டோஸ் 10இல் சினிமா டிவிடி ஓட்டும் வசதி கிடையாது, விஎல்சி என்ற வீடியோ மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள், இலவசம். அதற்கும் ஓடவில்லையென்றால் மண்டல எண் (எந்த நாட்டு டிவிடி எந்த டிரைவில் ஓடலாம் என்று கட்டுப்படுத்தும் எண்) தகராறாக இருக்கலாம். சவூதி 2ஆம் மண்டலம், இந்தியா 5ஆம் மண்டலம். டிவைஸ் மேனேஜரில் டிரைவை இருமுறை கிளிக் செய்து 'டிவிடி ரீஜன்' பக்கத்தில் மாற்றலாம். ஆனால் மொத்தம் 5 தடவைதான் மாற்ற முடியும். ஐந்தாவது தடவை எதில் வைக்கிறீர்களோ அதிலேயே டிரைவ் நிரந்தரமாக நின்றுவிடும். ஒரு படத்துக்காக மாற்றுவதானால் மீதி எத்தனை என்று அதே பக்கத்தில் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.