கொரோனா ஊரடங்கில் தவறிய 10 வார ஊசி
பயப்பட வேண்டாம், சகோதரி. ஊரடங்கால் 6 வார ஊசியோடு நின்றுவிட்டது, பாப்பாவுக்கு இப்போது 5 மாதம், மறுபடி முதலிலிருந்தா என்று கேட்டிருக்கிறீர்கள். தேவையில்லை. போட்ட பெண்டாவேலண்ட் (கக்குவான் இருமல் உட்பட ஐந்து நோய்களைத் தடுக்கும் ஊசி) தவணை கணக்கில்தான் இருக்கும். விட்ட இடத்திலிருந்து, குறைந்தது 4 வார இடைவெளியில் மீதி இரண்டு தவணைகளையும் (10 வார, 14 வார ஊசிகள்) போடுவார்கள். போலியோ சொட்டு மருந்தும், வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு மருந்தும் கூடவே. ஆனால் இனியும் தள்ளாதீர்கள். கக்குவான் இருமல் கைக்குழந்தைகளைத்தான் மோசமாகத் தாக்கும்.

தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதன்கிழமைதான் தடுப்பூசி நாள். கூட்டத்துக்குப் பயமென்றால், எத்தனை மணிக்கு வந்தால் காலியாக இருக்கும் என்று கிராம சுகாதாரச் செவிலியரிடம் போனில் கேளுங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். அப்புறம், தடுப்பூசி அட்டையை மறக்காதீர்கள். 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி இருக்கிறது.