கிரைண்டர் வந்தது, ஓய்வு எங்கே போனது?

கேள்வி: கிரைண்டர், மிக்ஸி, குக்கர், வாஷிங் மெஷின் எல்லாம் வீட்டில் இருக்கிறது. ஆனால் எனக்கு உட்கார நேரமில்லை. மாமியாரோ, "நாங்க ஆட்டுக்கல்லுல ஆட்டினோம், உங்களுக்கென்ன, சுவிட்சைத் தட்டினா வேலை முடிஞ்சுது" என்கிறார். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, பெருந்துறை

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரி. மாமியாரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், சண்டைக்கு இல்லை, சும்மா தெரிந்துகொள்ள: "அத்தை, நீங்க கல்யாணமாகி வந்த புதுசுல வாரத்துக்கு எத்தனை நாள் இட்லி?" எங்கள் பாட்டியிடம் நான் கேட்டிருக்கிறேன். தீபாவளி, பொங்கல், அப்புறம் மாப்பிள்ளை வந்தால். மற்ற நாளெல்லாம் கம்பஞ்சோறு, ராகிக் களி, பழையது.

காரணம் ஏழ்மை மட்டுமில்லை, அந்தக் கல்லும்தான். பாட்டி ஆட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வலது கை குழவியைச் சுற்றும், இடது கை குழவிக்குப் பின்னாலேயே ஓடி மாவைக் குழிக்குள் தள்ளிவிடும், கொஞ்சம் பிசகினால் விரல் போச்சு. உளுந்து பந்து மாதிரி பொங்கி வர முக்கால் மணி நேரம், அதற்கப்புறம் அரிசி, கை மாற்ற ஆளில்லாவிட்டால் தோள்பட்டை கழன்றுவிடும். அத்தனை பாடுபட்டு தினமும் யாராலும் இட்லி சுட முடியாது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

மோட்டாரில் ஓடும் கிரைண்டரை 1955-ல் கோயம்புத்தூரில் பி. சபாபதி என்பவர் உருவாக்கினார். அந்த ஊரில் அது பிறந்ததில் ஆச்சரியமில்லை. மில்லுக்கும் கிணற்றுக்கும் மோட்டார், பம்பு செய்து பழகிய பட்டறைகள் அங்கே ஏற்கெனவே இருந்தன, கல்லும் பக்கத்திலேயே கிடைத்தது. கோவை கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. 2011-ல் தமிழக அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தபோது நிறையப் பேர் சிரித்தார்கள். சிரித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்ததே இல்லை என்பது என் சந்தேகம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கல் போனதும் இட்லி தினசரி ஆனது. வாஷிங் மெஷின் வந்ததும் இரண்டு நாள் போட்ட சட்டை ஒரே நாளில் அழுக்கானது. உடம்பு நோவது குறைந்தது, ஆனால் வீட்டின் எதிர்பார்ப்பு ஏறிவிட்டது. இன்னொன்றும் நடந்தது, அதை அதிகம் பேர் கவனிக்கவில்லை. ஆட்டுக்கல்லுக்கு ஓரகத்தி, நாத்தனார், பாட்டி என்று மாற்றுக் கை வேண்டும். சுவிட்ச் தட்ட ஒரு ஆள் போதும் என்று ஆனதும் மற்றவர்கள் எழுந்து டிவி முன்னால் போய்விட்டார்கள், மிச்சம் நின்ற ஆள் நீங்கள். உளுந்து ஊறப்போடுவது, அள்ளுவது, அந்தக் கனத்த கல்லைத் தூக்கிக் கழுவுவது எல்லாம் மெஷின் செய்யாது.

2019-ல் மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் மக்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று நாடு முழுக்கக் கணக்கெடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். அதுவும் வீட்டு வேலை செய்த ஆண்களை மட்டும் வைத்துப் போட்ட சராசரி அது, அப்படிப்பட்டவர்களே நூற்றுக்கு 26 பேர்தான். கிரைண்டர் சுவிட்ச் ஆண் கைக்கும் வேலை செய்யும் என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: வேலைக்காக பெங்களூரில் தனியாக இருக்கிறேன். மிக்ஸியில் ஆட்டினால் இட்லி கல்லாக வருகிறதே, ஏன்?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: தம்பி, கிரைண்டர் கல் மெதுவாகச் சுற்றி மாவை நசுக்கி, கூடவே காற்றையும் உள்ளே அடைக்கிறது. மிக்ஸி பிளேடு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றில் வெட்டுகிறது, ஜாரைத் தொட்டால் சுடும். உளுந்தில் இருக்கும் புரதமும் பிசின் மாதிரியான பொருளும்தான் காற்றுக் குமிழியைப் பிடித்து வைக்கின்றன, அவை நன்றாக நுரைக்காவிட்டால் புளித்து வரும் வாயு தங்க இடமில்லை. அந்த வாயுவைத் தருவது லியூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியா, அது உளுந்தோடும் அரிசியோடும் தானாகவே வந்து சேர்கிறது, கடையில் வாங்க வேண்டியதில்லை. ஐஸ் தண்ணீர் விட்டு, நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்கள். உப்புப் போட்டுக் கையால் கலக்குங்கள். பெங்களூர் குளிருக்கு மாவு எட்டு மணி நேரத்தில் பொங்காது, பன்னிரண்டு பதினான்கு மணி நேரம் விடுங்கள்.

கேள்வி: சென்னையில் பஸ் கண்டக்டர் "ஐஸ் ஹவுஸ், ஐஸ் ஹவுஸ்" என்கிறார். இறங்கிப் பார்த்தால் ஐஸும் இல்லை, ஒன்றும் இல்லை. ஏன் அந்தப் பெயர்?
– ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: ஐஸ் இருந்தது, அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்த ஐஸ். பாஸ்டனைச் சேர்ந்த பிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி, குளிர்காலத்தில் அந்தப் பக்கத்து ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து கப்பலில் ஏற்றி அனுப்பினார். 1833-ல் முதல் சரக்கு கல்கத்தா போனது. சுமார் 180 டன் ஏற்றினார்கள், நான்கு மாதம் கடலில் கிடந்து, வெயிலைக் கடந்து வந்தும் நூறு டன்னளவு கரையாமல் இறங்கியது. மெட்ராஸில் அந்த ஐஸை வைக்க 1842-ல் கடற்கரையோரம் கட்டிய கிடங்குதான் நீங்கள் தேடிய இடம். வெள்ளைக்காரத் துரைகள் பானத்தில் போட்டுக்கொள்ளத்தான் அது முதலில் பயன்பட்டது. பிறகு இங்கேயே மெஷினில் ஐஸ் செய்ய முடிந்ததும் டியூடர் வியாபாரம் கரைந்துபோனது. கட்டடம் பிலிகிரி ஐயங்கார் என்ற வக்கீல் கைக்கு வந்தது, 1897-ல் விவேகானந்தர் அங்கே தங்கினார், இன்று அது விவேகானந்தர் இல்லம். கண்டக்டருக்கு மட்டும் அது இன்னும் ஐஸ் ஹவுஸ்தான்.

கேள்வி: டீக்கடையில் பத்து ரூபாய்க்கும் போனை நீட்டுகிறார்கள். இது நல்லதற்கா?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: எனக்கு நல்லதாகத்தான் இருக்கிறது. 2016 ஏப்ரலில் யுபிஐ தொடங்கியபோது வங்கிக்காரர்களைத் தவிர யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, அந்த நவம்பரில் ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்றதும் எல்லோரும் திரும்பினார்கள். சில்லறைக்குப் பதில் மிட்டாய் தரும் பழக்கம் ஒழிந்தது ஒன்றே எனக்குப் போதும்.

ஆனால் எங்கள் தெருமுனையில் பூ விற்கிற ஒரு பாட்டியின் கூடையில் இருக்கும் அட்டை, மகனுடைய கணக்குக்கானது. முன்பு சாயந்திரம் சுருக்குப்பையை அவிழ்த்து எண்ணிப் பார்ப்பார். இப்போது நான் ஸ்கேன் செய்ததும், "போயிடுச்சா கண்ணு?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்கிறார். அன்றைக்கு எவ்வளவு வந்தது என்று மகன் சொன்னால்தான் தெரியும், மறுநாள் காலை பூ வாங்கவும் அவனிடம்தான் கேட்க வேண்டும். அவர் கூடைக்கு மட்டும் நான் பத்து ரூபாய் நோட்டு தனியாக வைத்துக்கொள்கிறேன்.

கேள்வி: 'மிஸ்டு கால்' எங்கே போனது?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: காசோடு போனது. 1995 ஜூலை 31-ல் நாட்டின் முதல் செல்போன் பேச்சு நடந்தபோது நெரிசல் நேரத்தில் நிமிடத்துக்குப் பதினாறு ரூபாய்க்கு மேல், வருகிற அழைப்புக்கும் கட்டணம். கட்டணம் குறைந்த பிறகும் காசை மிச்சம் பிடிக்க நம் ஆட்கள் ஒரு பாஷையே கண்டுபிடித்தார்கள்: ஒரு ரிங் என்றால் வந்து சேர்ந்துவிட்டேன், இரண்டு ரிங் என்றால் நீ கூப்பிடு. மாதக் கட்டணத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம் என்று ஆனதும் அந்தப் பாஷைக்கு வேலையில்லாமல் போயிற்று. இப்போது மிஸ்டு கால் வந்தால் பயமாக இருக்கிறது, யாருக்கு என்ன ஆச்சோ என்று.

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்தேன். ஏமாந்துவிடுவாரோ என்று பயம். பிடுங்கிவிடலாமா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: வேண்டாம். ஏமாறுவதற்கு வயது தேவையில்லை, நல்ல வேலையில் இருக்கும் என் நண்பரே 'போலீஸ் பேசுகிறேன்' என்று வந்த வீடியோ காலில் இரண்டு மணி நேரம் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பாவிடம் இரண்டே விஷயம் சொல்லுங்கள். ஓடிபியை உன்னிடம் கேட்பவன் யாராக இருந்தாலும் திருடன். பணம் உன் கணக்குக்கு வர ரகசிய 'பின்' நம்பரைப் போட வேண்டியதே இல்லை, போடச் சொன்னால் போகப்போகிறது என்று அர்த்தம். அவர் அன்றாடம் புழங்கும் கணக்கில் சின்னத் தொகையை மட்டும் வையுங்கள். பணம் போய்விட்டால் உடனே கூப்பிட வேண்டிய சைபர் மோசடிப் புகார் எண் 1930, எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் மடக்க வாய்ப்பு அதிகம். அந்த எண்ணைப் போனில் சேமித்து வைக்காதீர்கள், பதற்றத்தில் தேடத் தெரியாது. ஒரு அட்டையில் பெரிதாக எழுதி, அவர் கண்ணாடி கழற்றி வைக்கும் இடத்துக்கு மேலே சுவரில் ஒட்டிவிடுங்கள்.