நான்காம் எண் அம்பு

அன்புள்ள ஐயா,

பழைய ஆங்கிலப் போர்க்கப்பலான மேரி ரோஸைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த மறுவாரமே அருங்காட்சியகத்துக்குப் போனேன். ஏழு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், வீட்டிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம், அதுவரை எட்டிப் பார்த்ததில்லை. அன்று பிடித்த பித்து, வில்வித்தைக் கிளப்பில் சேர்ந்து, 40 பவுண்டு இழுவிசையுள்ள நெடுவில் ஒன்று வாங்கி, இப்போது அம்பை நானே செய்வதில் வந்து நிற்கிறது.

பைன் தண்டில் ஆறு அம்பு செய்தேன். இரண்டு மாதம் ஆயிற்று. ஐந்து சொன்ன பேச்சுக் கேட்கின்றன. நான்காம் எண் போட்டது மட்டும் இருபது கஜத்தில் தவறாமல் ஒரு சாண் இடப்பக்கம் போய்க் குத்துகிறது. நான் வலக்கைக்காரன். இறகுகளை ஒரே பையில் கலவையாக வாங்கினேன். இரண்டு முறை பிய்த்து ஒட்டியும் மாற்றமில்லை. கிளப்பில் ஒரு பெரியவர் அதை விறகு என்று சொல்லிச் சிரிக்கிறார். இறகு ஒட்டுவதில் என்ன தப்பு செய்கிறேன்? அந்தக் காலத்து அம்புகளில் இருந்ததுபோல் செம்புக் களிம்பு கலந்த மெழுகு போட்டுப் பார்க்கலாமா? ஆறு அம்புக்கு இரண்டு மாதம் என்பது ரொம்ப மோசமா?

க.,
போர்ட்ஸ்மத்

அன்புள்ள க.,

இறகை விட்டுவிடுங்கள், பாவம். அம்பு கோணலாகப் போனால் எல்லோரும் முதலில் இறகைத்தான் பிய்க்கிறோம். கண்ணில் படுவது அதுதானே. நானும் ஒரு குளிர்காலம் முழுக்கப் பிய்த்துப் பிய்த்து ஒட்டியிருக்கிறேன். கூடப் பிறந்த ஐந்தும் ஒழுங்காகப் போக, ஒன்று மட்டும் வலக்கைக்காரர் எய்யும்போதெல்லாம் இடப்பக்கம் போகிறது என்றால், அந்தத் தண்டு மற்றவற்றைவிட விறைப்பு என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

நெடுவில்லில் அம்பு நட்டநடுவில் உட்காருவதில்லை. பிடிக்கு இடப்பக்கம் ஒட்டிக் கிடக்கிறது. நாணோ வில்லின் நடுவை நோக்கி ஓடி வருகிறது. அந்த இழுப்பில் தண்டு வளைந்து, மறுபக்கம் வளைந்து, சாரைப்பாம்பு மாதிரி நெளிந்து வில்லை ஒதுங்கிப் போகிறது. வெறும் கண்ணுக்கு இது தெரியாது. 1930களில் அமெரிக்காவில் கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற இயற்பியலாளர் அதிவேகப் படம் பிடித்துக் காட்டினார். வளைவு போதாத தண்டு ஒதுங்கத் தெரியாமல் இடப்பக்கம் தள்ளப்படுகிறது. அளவுக்கு மிஞ்சி வளைகிற தண்டு வலப்பக்கம் போகிறது. இடக்கைக்காரருக்கு இதைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

இதை அளக்க இயந்திரம் ஒன்றும் வேண்டாம். ஒரு பலகையில் 26 அங்குல இடைவெளியில் இரண்டு ஆணி அடித்து, தண்டை அவற்றின் மேல் வைத்து, நட்டநடுவில் 2 பவுண்டு எடையைத் தொங்கவிடுங்கள். எத்தனை அங்குலம் தொய்கிறது என்று பார்த்து, 26-ஐ அந்த எண்ணால் வகுத்தால் வருவதுதான் மரத்தண்டின் விறைப்பு எண். 0.65 அங்குலம் தொய்ந்தால் 40. 0.52 தொய்ந்தால் 50. இரண்டுக்கும் நடுவே மூன்று மில்லிமீட்டர் சொச்சம்தான் வித்தியாசம், அந்த மூன்று மில்லிமீட்டர்தான் உங்களுடைய ஒரு சாண். தண்டில் ரேகைகள் நெருக்கமாக, நேர்க்கோடுகளாகத் தெரியும் பக்கம் ஒன்று உண்டு. அளக்கும்போது ஆறிலும் அந்தப் பக்கம் மேலே பார்த்திருக்க வேண்டும். உருட்டி வைத்தால் எண் மாறிவிடும்.

நான் முதலில் வாங்கிய ஒரு டஜன் தண்டுகளின் கட்டில் 40-45 என்று சீட்டு ஒட்டியிருந்தது. வீட்டில் ஆணி அடித்து அளந்தால் இரண்டு 55-ஐத் தாண்டின. கடைக்காரரிடம் கேட்டேன், மரம் என்றால் அப்படித்தான் சார் என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை, காசு போனது எனக்குத்தான். அன்றிலிருந்து 24 தண்டு வாங்கி, அளந்து, நிறுத்து, ஒன்றோடொன்று ஒத்துப்போகும் எட்டு பத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மிச்சம் தோட்டத்தில் தக்காளிச் செடிக்கு ஊன்றுகோல்.

அளப்பதற்கு முன் நான்காம் எண்ணின் பின்முனையை ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். நாண் உட்காரும் பிளவு மரத்தின் ஆண்டு வளையங்களுக்குக் குறுக்காக வெட்டப்பட்டிருக்கிறதா? அப்படி வெட்டினால்தான் அந்த நேர்க்கோட்டுப் பக்கம் வில்லைப் பார்த்து நிற்கும். வளையங்களின் போக்கிலேயே வெட்டியிருந்தால் தண்டு தப்பான பக்கமாக வளைகிறது, அதோடு நாண் அதை விறகு பிளப்பது மாதிரி பிளந்துவிடவும் கூடும். மேரி ரோஸ் அம்புகளில் அந்த இடத்தில் மெல்லிய கொம்புத் துண்டு செருகியிருப்பதைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்திருப்பீர்கள். 100 பவுண்டுக்கு மேல் இழுக்கும் விற்களுக்குச் சும்மா மரம் தாங்காது. இன்னொன்று, தண்டின் மேல்பக்கம் ரேகை நாக்கு நாக்காக முடியும். அந்த நாக்குகள் அம்பின் முனையைப் பார்த்திருக்க வேண்டும். தண்டு உடைந்தால் சிராய் கையில் ஏறாமல் இருக்க இது ஒரு காப்பு.

இறகைப் பற்றி நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். ஓர் அம்பில் மூன்றும் ஒரே பக்கத்து இறக்கையிலிருந்து வர வேண்டும். ஆறில் மூன்று அம்பு இடது, மூன்று வலது என்றால்கூடப் பரவாயில்லை, ஓர் அம்புக்குள் கலக்கக் கூடாது. கலந்தால் இரண்டு இறகு ஒரு பக்கம் சுழற்றும், மூன்றாவது எதிர்ப்பக்கம் இழுக்கும். கலவைப் பையைப் பிரிக்க ஒரு வழி: இறகின் நடுத்தண்டில் பள்ளம் ஓடும் பக்கம் கீழே இருக்கட்டும், அடி உங்கள் பக்கம், நுனி அந்தப் பக்கம். குறுகிய விளிம்பு இடப்பக்கம் வந்தால் அது பறவையின் வலது இறக்கை. முழு இறகாக இருந்தால்தான் இது செல்லும், வெட்டி விற்கும் இறகில் கடைக்காரர் சீட்டைத்தான் நம்ப வேண்டும். ஒட்டியபின் இறகுத் தண்டின் முன்நுனியைச் சீவி, பட்டுநூலால் இறுகச் சுற்றிவிடுங்கள். இல்லையென்றால் அது ஒவ்வொரு எய்தலுக்கும் வில் பிடித்த கையின் ஆள்காட்டி விரல் முட்டியில் கோடு கிழிக்கும். என் கையில் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது.

மயிலிறகு ஆசை வேண்டாம். பழைய ஆங்கிலக் கவிஞர் சாசரின் கதையில் வரும் யோமன் என்ற வில்லாளி இடுப்பில் மயிலிறகு அம்புக் கட்டு செருகியிருப்பான், பார்க்க ஜோர்தான். ஆனால் மேரி ரோஸ் மூழ்கிய அதே 1545-ல் வில்வித்தைக்கு நூல் எழுதிய ரோஜர் ஆஸ்கம் மயிலை ஒதுக்கிவிட்டு வாத்தினத்துப் பெரியவளான கூஸின் இறகைத்தான் தூக்கிப் பிடிக்கிறார். 1417-ல் இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஹென்றி ஒவ்வொரு கூஸிலிருந்தும் ஆறு இறகு பிடுங்கி அனுப்பச் சொல்லி மாவட்ட அதிகாரிகளான ஷெரிஃபுகளுக்கு உத்தரவே போட்டார். இன்றைக்குக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் வான்கோழி, அதுவே நன்றாக இருக்கிறது.

செம்புக் களிம்பு விஷம். அதைச் சமையலறை அடுப்பில் மெழுகோடு உருக்கும் எண்ணம் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். சாதாரணப் பசையும் பட்டுநூலும் போதும். ஆனால் அந்தக் காலத்துக்காரர்கள் ஏன் போட்டார்கள் என்பது எனக்கு ஒரு மார்ச் மாதம் புரிந்தது. அக்டோபரில் ஒரு கட்டு அம்பைச் சாக்குத் துணியில் சுற்றிக் கொட்டகையில் தொங்கவிட்டிருந்தேன். அவிழ்த்தால் இறகே இல்லை. தண்டில் மீன்முள் மாதிரி நடுநரம்பு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது, துணி மடிப்பில் மணல் போல எச்சம், நான்கைந்து வெள்ளைப் புழுக்கள். அந்துப்பூச்சி. களிம்பு கலந்தது பூச்சி அரிக்காமல் இருக்கத்தான் என்று பொதுவாகச் சொல்வார்கள், அந்தக் கட்டைப் பார்த்த பிறகு நான் அதை மறுத்துப் பேசுவதில்லை. இப்போது மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே தேவதாருத் துண்டு.

இரண்டு மாதம் மோசமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓர் அம்பு செய்ய ஒரு சாயங்காலம் போதும். ஒன்றைப்போல் இன்னொன்று செய்வதில்தான் மாதங்கள் போகின்றன. அதனால்தான் அது தனித் தொழிலாகவே பிரிந்தது: 1371-ல் லண்டனில் அம்பு செய்பவர்கள் மேயரிடம் மனுக்கொடுத்து, வில் செய்பவர்களிடமிருந்து தங்களைப் பிரித்துக்கொண்டார்கள். ஃபிளெட்சர் என்ற குடும்பப் பெயர் அவர்களுடையது, அம்பைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. நம் பக்கம் சொல் மரத்திலிருந்து, இல்லை, புல்லிலிருந்தே வருகிறது. சரம் என்றால் அம்பு, சரம் என்றால் நாணல். சரவணப் பொய்கை நாணற்காட்டுக் குளம். என் அண்ணன் பெயர் சரவணன், அவனிடம் இதைச் சொன்னபோது ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான்.

அருங்காட்சியகத்தில் 24 துளை போட்ட வட்டமான தோல் துண்டைக் கவனித்தீர்களா? ஒரு கட்டு அம்பு இறகு நசுங்காமல் நிற்பதற்கானது. கப்பலிலிருந்து எடுத்த அம்புகள் சுமார் 3,500, பெரும்பாலும் பாப்ளர் மரம். எத்தனை கை செய்ததோ. அந்தத் துளைகளிலிருந்து வில்லாளி பார்க்காமல் உருவுகிறான், எது கையில் வந்தாலும் அவனுக்கு ஒன்றாக இருக்க வேண்டும். எண் போட்டு, இது கொஞ்சம் இடப்பக்கம் போகும் என்று ஞாபகம் வைத்துக்கொள்ள அங்கே நேரமில்லை. உங்கள் ஆறில் ஐந்து அப்படி வந்திருக்கிறது. முதல் முயற்சியில் எனக்கு இரண்டுதான் வந்தது.

இனி நான்காம் எண். பிளவு சரியாக இருந்து, அளந்ததில் விறைப்புத்தான் என்று தெரிந்தால், இரண்டு வழி. முனையின் எடையை 100 கிரெயினிலிருந்து (அம்பு முனைகளை நிறுக்கும் சிறு எடை அளவு) 125-க்கு மாற்றிப் பாருங்கள், முன்பக்க எடை கூடினால் தண்டு கூடுதலாக வளையும். அது போதவில்லையென்றால் உப்புத்தாளை விரல்களுக்குள் மடித்துப் பிடித்து, தண்டைச் சுழற்றிக்கொண்டே நடுப்பகுதியை ஒரே சீராகத் தேயுங்கள். பத்து இழுப்புக்கு ஒருமுறை ஆணிப் பலகையில் வைத்து அளக்க வேண்டும். அவசரப்பட்டு 35-க்குப் போய்விட்டால் திருப்ப முடியாது. மற்ற ஐந்தின் எண்ணுக்கு இரண்டு மூன்று முன்னாலேயே நிறுத்தி, எய்து பாருங்கள்.

ஒவ்வொரு முறை எய்யும் முன்னும் தண்டை லேசாக வளைத்துக் காதருகே பிடியுங்கள். நெறுக்கென்று சின்னதாகச் சத்தம் வந்தால் அந்த இடத்திலேயே முழங்காலில் வைத்து உடைத்துவிடுங்கள். அப்போது மட்டும் கிளப் பெரியவர் சொன்னது சரி.

அன்புடன்.