குடும்பத்தோடு ஒரு நாள் மலை நடை: சாப்பாடும் தண்ணீரும் குளிராக இருக்க, கேள்வி பதில்

காலையில் கிளம்பி மாலைக்குள் திரும்பும் சின்ன நடைகளுக்கு உணவைக் குளிராக எடுத்துப்போவது பற்றி நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்.

மூன்று நான்கு மணி நேரம்தான் நடக்கப் போகிறோம். ஃப்ரீசரில் உறையவைத்து உணவோடு வைக்கும் ஜெல் பேக் வாங்கத்தான் வேண்டுமா?

வேண்டாம். தண்ணீர் பாட்டிலையே உறையவைத்து எடுத்துப்போங்கள். ஒரு கிலோ ஐஸ் முழுதாக உருகுவதற்கு இழுத்துக்கொள்ளும் வெப்பத்தை வைத்து ஒரு லிட்டர் தண்ணீரை 80 டிகிரி செல்சியஸ் சூடேற்றலாம். அவ்வளவு வெப்பத்தையும் உள்வாங்கித் தீரும்வரை ஐஸ் பூஜ்ஜியம் டிகிரியிலேயே நிற்கும். ஜெல் பேக்கும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் உருகியபின் அது வெறும் சுமை, பாட்டிலையோ குடித்துவிடலாம். திரும்பும் வழியில் களைத்துப்போன பிள்ளையைத் தூக்க நேர்ந்தால் அரை கிலோ குறைவதும் பெரிய விஷயம்.

உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் பெருகும், அதனால் முக்கால் பாட்டில் நிரப்பினால் போதும். கண்ணாடி பாட்டிலை ஃப்ரீசரில் வைக்காதீர்கள். எல்லா பாட்டிலையும் உறையவைத்துவிடவும் கூடாது. தாகம் எடுக்கும் நேரத்தில் உள்ளே கட்டியாக இருந்தால் என்ன செய்வீர்கள்? குடிக்க ஒன்று சாதாரணமாக இருக்கட்டும்.

அண்ணா, கூலர் பை வாங்கினோம். ஒரு மணி நேரத்திலேயே எல்லாம் சூடாகிவிட்டது. பை சரியில்லையா?

பையைக் குறை சொல்லும் முன், உள்ளே எதை எப்படி வைத்தீர்கள் என்று பாருங்கள். கூலர் பை குளிரை உண்டாக்காது, வெளிச்சூடு உள்ளே வருவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். அப்போதுதான் சமைத்ததை வெதுவெதுப்பாக வைத்தால், ஐஸின் பாதி பலம் அதை ஆற்றுவதிலேயே போய்விடும். எல்லாவற்றையும் முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜில் வையுங்கள். பையின் உட்புறத்தையும் கிளம்பும் முன் ஒரு உறைந்த பாட்டில் போட்டுக் குளிரவைக்கலாம்.

குளிர்ந்த காற்று கீழே இறங்கும், அதனால் ஐஸ் மேலே, உணவு கீழே. காலி இடத்தில் ஒரு துண்டைச் சுருட்டிச் செருகுங்கள். பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் நொறுக்குத்தீனியும் குடிதண்ணீரும் வேறு பையில் இருக்கட்டும், கூலர் பை சாப்பாட்டு நேரத்தில் மட்டும் திறக்கட்டும். இந்த ஒரு மாற்றமே பெரிய வித்தியாசம் காட்டும். அப்புறம், அதை முதுகை ஒட்டி வைக்காதீர்கள், உடம்புச் சூடு ஏறும். நடுவில் வைத்துச் சுற்றிலும் துணிமணிகளை அடையுங்கள்.

வேகவைத்த முட்டை, இறைச்சி எல்லாம் எவ்வளவு நேரம் தாங்கும்?

5 முதல் 60 டிகிரி வரையிலான சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். குளிர் இல்லாமல் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். வெளியே 32 டிகிரிக்கு மேல் போனால் 1 மணி நேரம்தான். முகர்ந்து பார்த்து முடிவுசெய்வது ஆபத்து, ஏனென்றால் நோய் தரும் கிருமிகள் பல நேரம் வாசனையையோ ருசியையோ மாற்றுவதில்லை. பாட்டிலில் ஐஸ் மிச்சமிருக்கிறதா, தொட்டால் சில்லென்று இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். சொல்லப்போனால், கடலை, முழுப் பழம், பிஸ்கட் என்று குளிரே தேவைப்படாதவற்றை அதிகமாக எடுத்துப்போவதுதான் எனக்குப் பிடித்த வழி.

பழச்சாற்றை உறையவைக்கலாமா?

தாராளமாக. ஆனால் இனிப்பு அதிகமுள்ள பகுதி முதலில் உருகும். குலுக்காமல் குடித்தால் முதல் ஆளுக்குத் தித்திப்பு, கடைசி ஆளுக்கு வெறும் தண்ணீர். சோடா வகைகள் வேண்டாம், ஃப்ரீசரில் வெடிக்கும்.

ஈரத்துணி சுற்றினால் பாட்டில் குளிருமா?

குளிரும், காற்று உலர்ந்திருந்தால். துணியிலுள்ள நீர் ஆவியாகும்போது பாட்டிலின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். நிழலில், காற்றுப் படும்படி தொங்கவிடுங்கள். புழுக்கமான நாளில் பலன் சொற்பம். இரட்டைச் சுவர் ஃபிளாஸ்க்கில் இது பலிக்காது, உள்ளிருக்கும் சூடு வெளியே வந்தால்தானே!

வழியில் ஓடை இருக்கிறது. அதில் பாட்டிலை வைக்கலாமா?

வைக்கலாம், கயிற்றில் கட்டி. மூடி இறுக்கமாக இருக்கட்டும். குடிக்கும் முன் வாய்ப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள், ஓடைத் தண்ணீர் தெளிவாகத் தெரிந்தாலும் சரி.