வலப்பக்கம் மட்டும் வாய் பிளக்கும் பேனல்

மேலூர் பக்கமிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அவருடையது யமஹா ஆர்15 வி3 பைக். ஒத்தக்கடை அருகே மணலில் சறுக்கி, வண்டி வலப்பக்கமாக விழுந்திருக்கிறது. உடைந்ததற்குப் பதில் வெளிக் கம்பெனி பேனல் செட், அதாவது வண்டியை மூடும் பிளாஸ்டிக் உறைகள், வாங்கிப் பூட்டியிருக்கிறார். இப்போது முகப்புக்கும் வலது சைடு பேனலுக்கும் நடுவே விரல் நுனி நுழைகிறது. இடப்பக்கம் இரண்டும் உரசிக் கிறீச்சிடுகின்றன. கீழே இரண்டு துளைகள் நேருக்கு வரவில்லை. “துளையைப் பெரிசாக்கி, நீள போல்ட் போட்டு இழுத்துவிடலாம் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?” என்று கேட்கிறார்.

வேண்டாம் தம்பி. முதலில் ட்ரில்லைக் கீழே வைக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. பேனல் அளவு குறைவாக வந்திருந்தால் வலப்பக்கம் திறந்திருக்கும், இடப்பக்கம் சாதாரணமாக இருக்கும். உங்களுக்கோ ஒரு பக்கம் இடைவெளி, மறுபக்கம் நெருக்கம். அப்படியென்றால் முகப்பு முழுவதுமே இடப்பக்கம் தள்ளிப்போயிருக்கிறது. வண்டி வலப்பக்கம் விழுந்தபோது, முகப்பையும் கண்ணாடிகளையும் தாங்கும் இரும்பு ஸ்டே வளைந்திருக்க வேண்டும். வளைந்த ஸ்டேயில் யமஹா கம்பெனியின் பேனலையே மாட்டினாலும் இதே இடைவெளிதான் வரும். பழைய முகப்பு ஓரளவு முழுசாக இருந்தால் அதை மாட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

அளக்க ஒரு நூல் போதும். முகப்பைக் கழற்றுங்கள். ஹேண்டில்பாரின் நடுவில், ஸ்டீயரிங் தண்டின் மேல் இருக்கும் பெரிய நட்டின் மையத்தில் நூலைப் பிடித்து, வலது கண்ணாடி போல்ட் துளை வரை அளந்து முடிச்சுப் போடுங்கள். அதே நூலை இடப்பக்கம் கொண்டு போங்கள். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஸ்டேதான் குற்றவாளி. அதை வண்டியிலேயே வைத்து பைப் மாட்டி நெம்பாதீர்கள். ஃப்ரேமில் அது பூட்டியிருக்கும் காது விட்டுப்போகும். கழற்றி, வைஸில் கடித்து, கொஞ்சங்கொஞ்சமாக நிமிர்த்த வேண்டும். வெல்டிங்கில் கீறல் தெரிந்தால் புது ஸ்டே வாங்கிவிடுங்கள்.

ஸ்டே நேரானதும் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். மீதி, பூட்டுகிற வரிசையில் இருக்கிறது. நம் ஊரில் பலரும் ஒரு பேனலை முழுதாக முறுக்கிவிட்டு அடுத்ததை எடுக்கிறார்கள். அப்படிச் செய்தால் எல்லாக் குறையும் கடைசித் துளையில் வந்து சேரும். எல்லாப் பேனல்களையும் மாட்டி, எல்லா போல்ட்டையும் இரண்டு மூன்று மரை மட்டும் ஏற்றுங்கள். அப்புறம் முகப்பில் தொடங்கிப் பின்னோக்கி, வலது ஒன்று இடது ஒன்று என்று மாற்றி மாற்றி இறுக்குங்கள். கெட்டி அட்டையை ஒரே தடிமனில் மடித்து இருபக்க இடைவெளியிலும் செருகிவைத்தால் கண்ணை நம்ப வேண்டியதில்லை. வெளிக் கம்பெனி பேனல் கம்பெனிப் பொருள் போல ஒட்டி உட்காராது. மொத்தம் மூன்று மில்லிமீட்டர் மிஞ்சினால் இருபக்கமும் ஒன்றரையாகப் பங்கிடுங்கள். ஒரே அளவில் இருந்தால் பார்க்கிறவருக்கு அது குறையாகத் தோன்றாது.

அதற்குப் பிறகும் நேருக்கு வராத துளையை எலிவால் போன்ற மெல்லிய உருண்டை அரத்தால் எந்தப் பக்கம் தேவையோ அந்தப் பக்கம் மட்டும் நீளவாக்கில் ராவுங்கள். ட்ரில் நாலா பக்கமும் தின்றுவிடும். ராவிய துளைக்கு அகல வாஷரும் ரப்பர் புஷ்ஷும் போடுங்கள். இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் பேனல்கள் ஏபிஎஸ் பிளாஸ்டிக். அதிகாலையில் 25 டிகிரியில் இருக்கும் அரை மீட்டர் கறுப்புப் பேனல், கத்திரி வெயிலில் 60 டிகிரிக்குச் சூடாகும்போது ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் நீளும். துளையில் அந்த அசைவுக்கு இடமில்லாவிட்டால் போல்ட்டைச் சுற்றி மயிரிழையாகக் கீறல் விடும். நீள போல்ட்டால் இழுத்துப் பிடித்த பேனல் வேகத்தடையில் குதிக்கும்போது உடைவதும் இதே இடத்தில்தான். ‘எல்’ வடிவ ஆலன் கீயின் குட்டைப் பக்கத்தை இரண்டு விரலால் பிடித்து இறுக்குங்கள், போதும்.

பேனலே கோணியிருந்தால் ஹீட் கன்னை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே சூடேற்றி, தேவைக்குச் சற்றுக் கூடுதலாக வளைத்து, ஈரத்துணியால் ஆறும்வரை விடாமல் பிடியுங்கள். ஏபிஎஸ் சுமார் 100 டிகிரியில் இளகிவிடும் என்பதால் அவசரப்பட்டால் வழிந்துபோகும். பெயின்ட் அடித்த பேனலில் இதைச் செய்யாதீர்கள். பெயின்ட் எப்போதுமே பொருத்திப் பார்த்த பிறகுதான்.

போல்ட் கழலாமல் இருக்க மரையில் லாக் திரவம் விடுவார்கள். பேனல் போல்ட்டுக்கு அது கூடாது. ஏபிஎஸ்ஸில் பட்டால் வெடிப்பு விடும். பெட்ரோல், தின்னரும் அப்படித்தான்.

கடைசியாக, பழைய பேனலின் உட்புறம் ஒட்டியிருந்த வெப்பத் தகடுகளைப் பிய்த்துப் புதியதில் ஒட்டினீர்களா? புது செட்டில் பெரும்பாலும் அவை வராது, சைலன்சர் பக்கம் பேனல் உருகும். பிறகு ஹேண்டிலை இரு முனைவரை திருப்பி, கிளட்ச் கேபிளும் வயர்களும் எங்கும் சிக்கவில்லை, கைப்பிடி பேனலில் இடிக்கவில்லை என்று பாருங்கள். ரேடியேட்டருக்குக் காற்று போகும் வழியும் திறந்திருக்க வேண்டும். 100 கிலோமீட்டர் ஓட்டியதும் எல்லா போல்ட்டையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

நூல் அளவு இரண்டையும் எழுதி அனுப்புங்கள் தம்பி. ஸ்டேயை நிமிர்த்துவதா, மாற்றுவதா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.