‘விலங்குப் பண்ணை’ இன்றைக்கும் பொருந்துமா?

1945-இல் வந்த, ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘விலங்குப் பண்ணை’ நாவல் சோவியத் ரஷ்யாவைக் குத்திக்காட்ட எழுதியது, அந்த நாடே இப்போது இல்லையே, இன்னும் ஏன் படிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பர்மாவில் (இப்போது மியான்மர்), மோல்மீன் என்ற ஊரில் பிறந்தவள். ஆர்வெல் 1922 முதல் 1927 வரை இந்த நாட்டில் போலீஸ் அதிகாரியாக இருந்தார். எங்கள் ஊரிலும் வேலை பார்த்திருக்கிறார், அவருடைய தாய்வழிக் குடும்பமும் இங்கேதான் இருந்தது. அவர் பர்மாவைப் பற்றி மூன்று நாவல் எழுதினார் என்று இங்கே சொல்வார்கள்: ‘பர்மிய நாட்கள்’, ‘விலங்குப் பண்ணை’, ‘1984’.

கதை தெரிந்ததுதான். ஜோன்ஸ் என்ற பண்ணைக்காரரை விலங்குகள் விரட்டிவிட்டு, எல்லாரும் சமம் என்று சுவரில் ஏழு விதிகளை எழுதுகின்றன. அப்புறம் பன்றிகள் மற்ற விலங்குகளை ஆள ஆரம்பிக்கின்றன. பாக்ஸர் என்ற குதிரையை அடிமாட்டுக்கு விற்கும் இடத்தில் அழாதவர்கள் குறைவு. ஆனால் என்னை உலுக்கியது வேறு இடம். எந்த விலங்கும் கட்டிலில் படுக்கக் கூடாது என்பது ஒரு விதி. பன்றிகள் கட்டிலில் படுக்க ஆரம்பித்ததும் குளோவர் என்ற குதிரை சுவரைப் படித்துக் காட்டச் சொல்கிறது. ‘விரிப்புப் போட்ட கட்டிலில்’ என்று இருக்கிறது. விரிப்பு என்ற பேச்சே குளோவருக்கு நினைவில் இல்லை. ஆனாலும் சுவரில் இருக்கிறதே, நமக்குத்தான் மறந்திருக்கும் என்று போய்விடுகிறது. இதே மாதிரி மது குடிக்கக் கூடாது என்பதில் ‘அளவுக்கு மீறி’ சேர்கிறது, கொல்லக் கூடாது என்பதில் ‘காரணமில்லாமல்’ சேர்கிறது. விதியை யாரும் அழிக்கவில்லை. இரண்டு சொல் கூடியது, அவ்வளவுதான்.

இங்கே 1982-இல் வந்த குடியுரிமைச் சட்டம் குடிமக்களை மூன்றாகப் பிரித்தது: முழுக் குடிமகன், இணைக் குடிமகன், இயல்புரிமைக் குடிமகன். அட்டையும் முறையே இளஞ்சிவப்பு, நீலம், பச்சை. என் அப்பாவுக்குக் கிடைத்தது பச்சை. பிறந்தது இங்கே, தமிழைவிடப் பர்மிய மொழியை வேகமாகப் பேசுவார். ஒருமுறை ஓர் அலுவலகத்தில் அட்டையின் நிறத்தைப் பார்த்ததும் அவரை வேறு வரிசைக்குப் போகச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து, “நானும் குடிமகன்தானேம்மா?” என்று என்னைக் கேட்டார். குளோவரின் கேள்வி அது. அவரும் தன் நினைவைத்தான் சந்தேகப்பட்டார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தமிழர்களிலும் எல்லாரும் ஒரே பக்கம் நிற்கவில்லை. 1930-களின் கடைசியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்வாசி நிலம் வட்டிக்குக் கடன் கொடுத்த செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. அதே காலத்தில் என் தாத்தா அரிசி ஆலையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். கடனில் நிலத்தை இழந்த பர்மிய விவசாயிக்கு இரண்டு பேரும் ஒன்றுதான், அந்தக் கோபத்தை நான் தப்பு சொல்ல மாட்டேன். ஜோன்ஸின் முகமும் எனக்குத் தெரிந்த முகம்தான்.

படிக்கப் போகிறீர்கள் என்றால், ஏழு விதிகளும் வரும் பக்கத்திலேயே அவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என் மகளுக்குப் பதின்மூன்று வயதில் அப்படித்தான் படிக்கக் கொடுத்தேன். கட்டில் வரும் இடத்தில் தாளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்: “அம்மா, முதலில் இப்படி இல்லையே!”