பிள்ளைக்கு வராதது சி மொழியா, அந்தப் புத்தகமா?

வணக்கம் அம்மா,

செவ்வாய்க்கிழமை மஞ்சக்குப்பத்தில் என்னைப் பார்க்க வந்தவர், கடை திறக்க நேரமாகிவிட்டது என்று பாதியில் எழுந்து போனீர்கள். மீதியை எழுதுகிறேன். மகள் சேர்ந்திருக்கும் கணினிப் பட்டப்படிப்பைப் பற்றி நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான்: "பி.சி.ஏ.வை விட்டுட்டு பி.காம்.ல சேத்துடலாமா சார்?" வேண்டாம். கோர்ஸை மாற்றும் முன் புத்தகத்தை மாற்றிப் பார்ப்போம்.

உங்கள் மகள் பையிலிருந்து எடுத்து வைத்தது கெர்னிஹானும் ரிட்சியும் சேர்ந்து எழுதிய சி மொழிப் புத்தகம். சி என்பது கணினிக்குக் கட்டளைகள், அதாவது புரோகிராம், எழுதும் மொழி. அந்த மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சியே எழுதியது. 1978-ல் முதல் பதிப்பு, 1988-ல் இரண்டாம் பதிப்பு. முன்னூறு பக்கம்கூட வராது. "ஒல்லியா இருக்கு, ஈசியாத்தான் இருக்கும்னு நினைச்சோம்" என்றீர்கள். சீனியர் பையன் வேறு "இது ஒண்ணு போதும்" என்று சொல்லிக் கொடுத்தானாம். அவனுக்குப் போதும்தான், அவன் மூன்றாம் வருஷம். உங்கள் மகள் ப்ளஸ் டூவில் அக்கவுண்டன்சி குரூப். கல்லூரிக்குப் போனபிறகுதான் முதல்முறையாக ஒரு புரோகிராமைக் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

அந்தப் புத்தகத்தின் முன்னுரையில் ஆசிரியர்கள் எதையும் ஒளிக்கவில்லை. இது புரோகிராமிங்குக்கான அறிமுக நூல் கிடையாது, வேரியபிள், லூப், ஃபங்ஷன் என்ற அடிப்படைகள் எல்லாம் ஓரளவு தெரிந்தவருக்காக எழுதுகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். முன்னுரையை யார் படிக்கிறார்கள்! முதல் அத்தியாயம் சுமார் முப்பது பக்கம். திரையில் ஒரு வரி அச்சிடுவதில் தொடங்கி, அந்த முப்பது பக்கத்துக்குள்ளேயே லூப், அரே, ஃபங்ஷன் எல்லாவற்றையும் தொட்டுவிட்டுப் போய்விடும். வேறு மொழி தெரிந்தவருக்கு அந்த வேகம் பிடிக்கும். இவள் மூன்றாம் நாள் மூடி வைத்துவிட்டு "எனக்கு கம்ப்யூட்டர் வராதும்மா" என்று அழுததில் ஆச்சரியமே இல்லை.

உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேனே. புதிதாகத் தையல் கற்க வந்த பெண்ணிடம் "கைக்குழியை வழக்கம்போல வெட்டிக்கோ" என்பீர்களா? பத்து வருஷம் தைத்தவரிடம் சொல்லலாம். அவரிடம் போய் ஊசியில் நூல் கோப்பதிலிருந்து ஆரம்பித்தால்தான் கோபம் வரும். புரோகிராமிங் புத்தகத்திலும் இந்த 'வழக்கம்போல' எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடினால் போதும், அது யாருக்காக எழுதியது என்பது தெரிந்துவிடும். "ஜாவாவில் இருப்பதுபோல இங்கும்" என்று ஒரு வரி வந்தால், ஜாவா என்ற இன்னொரு கணினி மொழி தெரிந்தவரோடு ஆசிரியர் பேசிக்கொண்டிருக்கிறார் என்று பொருள். தப்பே காட்டாத புத்தகமும் அப்படித்தான். இரட்டைச் சமக்குறி போட வேண்டிய இடத்தில் ஒற்றைக் குறி போட்டால் என்ன ஆகும், அரைப்புள்ளியை மறந்தால், புரோகிராமைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தருகிற கம்பைலர் எந்த வரியைக் குறை சொல்லும் என்றெல்லாம் தொடக்கக்காரருக்கு எழுதுகிறவர் பக்கம் பக்கமாகக் காட்டுவார். அனுபவசாலிக்கு எழுதுகிறவர் அதற்குக் காகிதம் செலவழிக்க மாட்டார். மெமரி, வேகம், எதை எப்போது தவிர்ப்பது என்று போய்விடுவார்.

தலைப்பை மட்டும் நம்பாதீர்கள். இதில் நானே சறுக்கியவன். ஆலோசனை சொல்லத் தொடங்கிய புதிதில், நெல்லிக்குப்பத்திலிருந்து வந்த ஒரு முதல் வருஷப் பையனுக்கு 'இன்ட்ரொடக்ஷன் டு அல்காரிதம்ஸ்' வாங்கச் சொல்லிவிட்டேன். அறிமுகம் என்றுதானே போட்டிருக்கிறது! 1990-ல் முதலில் வந்த நூல், ஆயிரம் பக்கத்துக்கு மேல். புரோகிராம் எழுதிப் பழகியிருக்க வேண்டும், கணித நிரூபணமும் ஓரளவு ஓட வேண்டும். ஒரு மாதம் கழித்துப் பையன் அதை என் மேஜையில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நின்றான். அன்றிலிருந்து நான் பார்க்காத புத்தகத்தை யாருக்கும் சொல்வதில்லை.

சரி, உங்களுக்கு இங்கிலீஷும் தெரியாது, புரோகிராமும் தெரியாது, எப்படிப் பார்ப்பது என்றீர்கள். மகளிடம் ஒரு பென்சில் கொடுத்துப் பக்கத்தில் அரைமணி நேரம் உட்காருங்கள். இரண்டாவது அத்தியாயத்தில் நாலு பக்கம் படிக்கட்டும். புரியாத சாதாரண இங்கிலீஷ் சொல்லுக்குக் கீழே புள்ளி. புத்தகம் இதுவரை விளக்காமலே பயன்படுத்துகிற தொழில்நுட்பச் சொல்லுக்கு வட்டம். வட்டங்கள் பக்கத்துக்கு நாலைந்து என்று வந்தால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு அவளுக்கானது இல்லை. எல்லாம் புள்ளியாகவே இருந்தால் புத்தகத்தின் மேல் குற்றமில்லை, மொழிதான் இடறுகிறது. தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைகள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு தனக்கு மூளை இல்லை என்று முடிவு கட்டுவதை வருஷா வருஷம் பார்க்கிறேன்.

புள்ளிகள் அதிகம் என்றால் தமிழ்நாடு அரசின் பதினோராம் வகுப்பு கணினி அறிவியல் பாடநூலை எடுக்கச் சொல்லுங்கள். தமிழ் வழியிலும் இருக்கிறது, இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதில் இருப்பது சி-யிலிருந்து வளர்ந்த சி++ மொழி என்றாலும் இஃப், ஃபார், வைல் என்ற கட்டளைகள் எல்லாம் சி-யில் எழுதுகிற மாதிரியேதான். உள்ளீடு, வெளியீடு எழுதுகிற விதம் மட்டும் வேறு. காலேஜ் பாடத்துக்கு முன்னால் அந்தப் பகுதியைத் தமிழில் ஒருமுறை படித்துவிட்டால் வகுப்பில் கேட்பது காதில் ஏறும்.

அப்புறம், புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய புத்தகம் வாங்கலாமா என்று கேட்டீர்கள். வாங்கலாம், ஆனால் உள்ளே முதல் புரோகிராமைப் பாருங்கள். புரோகிராமின் தலையில் சேர்க்கிற ஹெடர் ஃபைலில் கோனியோ (conio.h) என்று இருந்தால் அது 1987-ல் வந்த டர்போ சி என்ற பழைய கம்பைலர் காலத்துப் பழக்கம். இன்று லினக்ஸில் ஜி.சி.சி. என்ற கம்பைலரை வைத்து ஓட்டினால் அந்த ஃபைலே இல்லை என்று எரர் காட்டும். பிள்ளை தன் தப்பு என்று நினைப்பாள். சில காலேஜ் லேபில் இன்னமும் டர்போ சி ஓடுகிறது, அதனால் லேபில் எது என்று கேட்டுக்கொண்டு போங்கள். பைத்தான் என்ற மொழிக்கும் இதே கதை. பிரிண்ட் என்ற சொல்லுக்குப் பின்னால் அடைப்புக்குறி இல்லாமல் அச்சிட்டிருந்தால் அது பைத்தான் இரண்டு. 2020 ஜனவரி 1-உடன் அதற்கு ஆதரவு நின்றுவிட்டது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

சீனியர் பையனிடம் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க அவசரப்பட வேண்டாம், மெமரி முகவரியைக் கையாளும் பாயிண்டர் பாடம் முடிந்த பிறகு இன்னொரு முறை திறந்து பார்க்கட்டும். சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் நான் இருப்பேன். பென்சில் போட்ட நாலு பக்கத்தோடு அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், எத்தனை புள்ளி, எத்தனை வட்டம் என்று சேர்ந்து எண்ணலாம்.